யாரும் சாகாத நாவல்கள்

சரை சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு முதலில் மூச்சு முட்டியது. மூட்டை தூக்கவில்லை, தண்ணீர் சுமக்கவில்லை. ஓப்பநாயக்க பஜாரில் எங்கள் பலசரக்குக் கடைக்குப் பின்னாலிருக்கும் அறையில் உட்கார்ந்து பழைய கடதாசியைக் கூம்பு கூம்பாகச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மிளகாய்த்தூளும் கடுகும் சீரகமும் அந்தக் கூம்பில்தான் மடித்துக் கொடுப்போம். அதற்குத்தான் சரை என்று பெயர்.

காற்று உள்ளே போகிறது, ஆனால் போதவில்லை. எழுந்து ஜன்னலைத் திறந்தேன். அப்போதும் போதவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டது. வயசு முப்பத்துநாலு ஆகிறது, உடம்பு பெருத்துவிட்டது, வேறொன்றுமில்லை என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு படுத்தால் இருமல் வந்தது. ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றாகி, கடைசியில் சுவரில் சாய்ந்தபடியே தூங்கப் பழகினேன். ஒரு டிஸ்பென்சரியில் ஆஸ்துமா என்று மருந்து கொடுத்தார்கள். குடித்தேன். ஒரு மழைக்காலக் காலையில் இருமியபோது சளியில் இளஞ்சிவப்பாக நுரை வந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். கடையைக்கூடத் திறக்காமல் வேன் பிடித்து என்னை இரத்தினபுரிக்குக் கொண்டுபோனார்.

இதை நான் எழுதுவது, நெஞ்சைப் பிளந்து தைத்துக்கொண்டு வீட்டில் படுத்திருப்பவர்களுக்காக. அவர்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்பவர்களுக்காகவும்தான். பார்த்துக்கொள்பவர்கள் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு படித்தால் நல்லது.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் ஓர் இளவயசு டாக்டர் என்னை இடது பக்கமாகச் சாயச் சொல்லி, நெஞ்சுக்குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். “சின்ன வயசில் மூட்டு மூட்டாக வீங்கிக் காய்ச்சல் வந்ததா?” என்று சிங்களத்தில் விசாரித்தார். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்திருந்த லெட்சுமி அக்காதான் அவருக்குச் சிங்களத்திலேயே பதில் சொன்னாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“ஒனக்கு எங்க ஞாபகம் இருக்கும்? ஏழு வயசு ஒனக்கு. காலு ரெண்டும் பூசணிக்கா மாதிரி வீங்கிருச்சு. நாந்தானே முதுகுல போட்டுத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கிட்டுப் போனேன். வாதம்னு எண்ணெ குடுத்தாங்க, பூசுனோம், போயிருச்சு.”

போகவில்லை. அது வாதக்காய்ச்சல் (தொண்டைப் புண்ணுக்குப் பிறகு வந்து, மூட்டுகளை வீங்கவைத்துவிட்டு, போகிற போக்கில் இதயத்தின் வால்வுகளையும் கெடுத்துவிடும் நோய்). ஸ்கேனில் பார்த்தபோது என் மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள கதவு) சுண்ணாம்பு பிடித்து இறுகிக் கிடந்தது. பலூன் விட்டு விரிக்கும் கட்டம் தாண்டிவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்றார்கள்.

அக்காவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். என்னைவிட ஆறு வயசு மூத்தவள். குருவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினாள். நாங்கள் இருவரும் பிறந்ததும் அதே தோட்டத்து லயத்து வரிசை வீட்டில்தான். எங்கள் அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அக்கா, அவளுக்கு நான். அவளுடைய புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், இரண்டு மகள்களைக் கரைசேர்த்துவிட்டாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி என்னைப் பார்க்க வருவாள். வாசலில் நின்றே, “என்னாடி, இன்னும் சாகலியா?” என்பாள். அவள் வாய் அப்படி. வந்த உடனே என் சமையலில் குற்றம் கண்டுபிடிப்பாள்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு நாவல்கள் இருந்தன. சரை சுற்றுவதற்காகக் கொழும்பிலிருந்து வரும் பழைய கடதாசிக் கட்டுகளில் தமிழ்நாட்டு மாத நாவல்கள் நிறையச் சேர்ந்து வரும். முதலில் நான் படிப்பேன், பிறகுதான் அவை மிளகாய்த்தூளுக்குப் போகும். “மொதலாளியம்மா படிச்சு முடிச்சாத்தான் ஊருக்கு மொளகா” என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவர். விலைப்பட்டியலைத் தவிர எதையும் படிக்க மாட்டார்.

கொழும்பில் அறுவை நடந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, ஏனென்றால் நான் அங்கே இல்லை. கண் விழித்தபோது தொண்டையில் குழாய் இருந்தது, நெஞ்சில் ஒரு பாறாங்கல் இருந்தது. நெஞ்செலும்பை நடுவில் அறுத்து, கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். இருமும்போதும் சிரிக்கும்போதும் தலையணையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லி நர்ஸ் பழக்கினாள். உங்களுக்கும் சொல்வார்கள். அதைக் கேளுங்கள், தலையணை இல்லாமல் தும்மிவிடாதீர்கள்.

எனக்குப் போட்டது உலோக வால்வு. அது மூடும்போதெல்லாம் சின்னதாக ஒரு சத்தம் கேட்கும். முதல் வாரம் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா, “ஓங்க கைக்கடிகாரத்தக் கொஞ்சம் தூர வைங்க, தூங்க முடியல” என்றார். நான் கடிகாரம் கட்டியிருக்கவில்லை.

உலோக வால்வு போட்டவர்கள் வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை (வால்வில் இரத்தம் கட்டிக்கொள்ளாமல் தடுப்பது) போட வேண்டும். ஐ.என்.ஆர். சோதனை (இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பது) தவறாமல் செய்ய வேண்டும். கீரை சாப்பிடலாம், ஆனால் ஒரு வாரம் அள்ளிப் போட்டுக்கொண்டு அடுத்த வாரம் விட்டுவிடக் கூடாது. பல் பிடுங்கப் போனால் முதலில் வால்வு இருப்பதைச் சொல்லுங்கள். நாட்டு மருந்தை யார் கொடுத்தாலும் வாங்கி ஓரமாக வையுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வெயிட் தூக்க விடாதீர்கள், படி ஏற விடாதீர்கள், கொஞ்ச காலத்துக்கு மனசுக்குக் கஷ்டம் கொடுக்காதீர்கள். கடைசியில் சொன்ன அந்த ஒரு வார்த்தையை அவர் பிடித்துக்கொண்டார்.

எங்கள் ஆட்களுக்கு இருதய நோயைத் தெரிந்ததெல்லாம் சினிமாவிலும் கதையிலும்தான். ஒரு கெட்ட செய்தி வரும், அவள் நெஞ்சைப் பிடிப்பாள், சரிவாள். அவ்வளவுதான். பஜாரே சேர்ந்து என்னை அப்படிச் சரியவிடாமல் காப்பாற்றக் கிளம்பியது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நல்ல செய்தியாகவே கொண்டுவந்தார்கள். யார் வீட்டிலும் சண்டையில்லை, யாருக்கும் காய்ச்சலில்லை. பக்கத்தில் தையல் கடை வைத்திருந்த சோமா அக்கா சிங்களத்தி. எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவாள். அவள் வந்து, ரேடியோவில் ஏதோ இரைகிறது என்று அதைத் திருத்தக் கொண்டுபோனாள். திரும்பி வரவேயில்லை அந்த ரேடியோ. காலையும் மாலையும் மரண அறிவித்தல் வாசிப்பார்களே, அதற்காக என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

லெட்சுமி அக்கா ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு தடவை வந்து போனாள். அதற்குப் பிறகு காணோம். கேட்டதற்கு, “மூத்த மகளுக்குப் பிள்ளப்பேறாம். ஹட்டனுக்குப் போயிருக்கா. வர ரெண்டு மூணு மாசம் ஆகும்” என்றார் வீட்டுக்காரர். எனக்குக் கோபம் வந்தது. மகள் என்றதும் ஓடுகிறாள், தங்கச்சி நெஞ்சைப் பிளந்துகொண்டு கிடக்கிறேன், ஒரு எட்டு எட்டிப் பார்க்கக் கூடாதா? வாய்விட்டே திட்டினேன். நான் திட்டத் தொடங்கினால் அவர் எழுந்து கடைக்குப் போய்விடுவார்.

படுக்கையும் சாய்வு நாற்காலியுமாகக் கழிந்த அந்தக் காலத்தில் படித்த நாவல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையே அதைப் பற்றியதுதான். முன்பெல்லாம் கட்டுகளை நான் பிரிப்பேன். இப்போது அவர் பிரித்து, பார்த்து எடுத்து, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து தருவார். கடையில் ஆளில்லாத நேரத்தில் அவர் உதடு அசைய எதையோ படித்துக்கொண்டிருப்பது படுக்கையிலிருந்து தெரியும். என் நோயால் விளைந்த ஒரே நல்லது இந்த மனிதனுக்குப் படிப்புப் பழக்கம் வந்ததுதான் என்று சோமா அக்காவிடம் பெருமை பேசினேன்.

முதலில் வந்தது ஒரு துப்பறியும் நாவல். அட்டை போயிருந்தது, முதல் பக்கங்களும் இல்லை. நேராக ஒரு பங்களாவில் இன்ஸ்பெக்டர் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, நேற்று இரவு எங்கே இருந்தாய் என்று கேட்கிறார். சமையல்காரருக்கு வியர்க்கிறது. மைத்துனன் சிகரெட்டை நசுக்குகிறான். துப்பறிபவரின் உதவியாளன் வழக்கம்போல அசட்டு ஜோக் அடிக்கிறான். எல்லாம் சுவாரஸ்யம்தான், ஆனால் எதற்காக இவ்வளவு விசாரணை என்றுதான் புரியவில்லை. எதுவும் களவு போகவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் மைத்துனனுக்கு விலங்கு மாட்டுகிறார்கள். சிகரெட் குடித்ததற்கா? பழைய கடதாசி என்றால் பக்கம் போவது சகஜம், போகட்டும் என்று விட்டேன்.

அடுத்தது சரித்திர நாவல். தடிப்பானது. சுரங்கப்பாதை, முத்திரை மோதிரம், ஆணுடை தரித்த இளவரசி, குதிரை. இந்த மாதிரிக் கதைகளில் வர்ணனையைத் தாண்டித் தாண்டிப் போவது என் வழக்கம். நிலா வந்தால் மூன்று பக்கம் தள்ளலாம். ஆனால் இதில் இளவரசனின் தோழனாக ஒருவன் வந்தான், முரட்டு ஆள், சாப்பாட்டுப் பிரியன். எனக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. படை போருக்குப் புறப்பட்டது. அடுத்த பக்கத்தில் படை திரும்பி வந்தது. தோழனைக் காணவில்லை. இளவரசன் அவன் பெயரைச் சொல்லிப் பல்லைக் கடிக்கிறான், அவ்வளவுதான். போர் எங்கே போயிற்று? எழுதியவருக்குச் சோம்பல் என்று நினைத்தேன்.

பேய்க்கதை ஒன்று வந்தது. மலைப் பங்களாவில் வெள்ளைச் சேலைக்காரி மாடிப்படியில் இறங்கி வருகிறாள். நன்றாகவே பயந்தேன். ஆனால் அவள் யார், ஏன் அலைகிறாள் என்று எங்குமே இல்லை. பேய் இருக்கிறது, செத்தவள் இல்லை.

குடும்ப நாவல் ஒன்றில் மாமியார் நூற்றைம்பது பக்கம் மருமகளைப் படுத்தி எடுத்தாள். எனக்கே கை பரபரத்தது. திடீரென்று மாமியார் இல்லாமல் போய்விட்டாள். மருமகள் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லாருக்கும் காப்பி போடுகிறாள். இவ்வளவு சுலபமாக மாமியார்கள் இல்லாமல் போவார்களா என்று சிரிப்பு வந்தது.

ஐந்தாவது வேறு மாதிரி. அது தமிழ்நாட்டு மாத நாவல் இல்லை, நம் மலையகத்துக்காரர் யாரோ எழுதியது. மட்டமான தாள், மங்கிய அச்சு. முதல் பக்கத்திலேயே லயம், மலையிலிருந்து கொட்டும் பீலித்தண்ணி, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டுக்களம். புத்தகத்தில் எங்களை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதுவரை நாவல் என்றால் சென்னையில் நடப்பது, காரில் போவது. இதில் ஒருத்தி பால் வாளியைத் தலைச்சும்மாட்டில் வைத்துக்கொண்டு வழுக்கும் படியில் இறங்குகிறாள். வரி வரியாக நிறுத்தி நிறுத்திப் படித்தேன். அக்கா வந்ததும் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று எடுத்து வைத்தேன். “நம்ம கதையக் கேக்க பஸ்சு ஏறி வரணுமாக்கும்?” என்று அவள் கேட்பதுகூடக் காதில் விழுந்தது.

அந்த நாவலின் பிற்பகுதியில் ஒரு பக்கத்தின் கடைசி வரி, லயத்தில் தப்பு மேளச் சத்தம் கேட்டது என்று முடிந்தது. அடுத்த பக்கத்தில் கருமாதிக்கு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் தாள்கள் இல்லை. தைத்த இடத்தை விரித்துப் பார்த்தேன். கிழிசல் இல்லை. பிளேடு வைத்துச் சுத்தமாக அறுத்திருந்தது. சரை சுற்றக் கடதாசியை நாங்கள் அப்படித்தான் அறுப்போம், அடிமட்டத்தை வைத்து ஒரே இழுப்பு.

கட்டிலுக்கு அடியில் போட்டிருந்த மற்ற நான்கையும் எடுத்துப் பார்த்தேன். நான்கிலும் அதே அறுப்பு.

கடையை மத்தியானத்தில் கொஞ்ச நேரம் சாத்துவோம். அவர் சாப்பிட உட்கார்ந்தபோது ஐந்து புத்தகங்களையும் கொண்டுபோய் எதிரே வைத்தேன்.

“இதுல செத்தவங்க எல்லாம் எங்கங்க?” என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “எலி கடிச்சிருக்கும்” என்றார்.

“எலி பிளேடு வச்சா கடிக்குது?”

கை நின்றது. திருட்டுப் பூனை மாதிரி என்னைப் பார்த்தார். “டாக்டர் சொன்னாருல்ல, மனசுக்குக் கஷ்டம் குடுக்கக் கூடாதுன்னு. நீதான் கதையப் படிச்சிட்டு ஒக்காந்து அழுவியே. அதான், சாவு வார எடத்த மட்டும் எடுத்துட்டேன். கததானே. அது இல்லாட்டி என்னா?”

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஓடிப்போய்த் தலையணையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தேன். ஐந்தாம் வகுப்புப் படித்த மனிதன், உதடு அசைய எழுத்துக்கூட்டி, ஐந்து நாவல்களை முதலிலிருந்து கடைசி வரை படித்திருக்கிறார். எங்கெல்லாம் ஆள் சாகிறதோ அங்கெல்லாம் அறுத்து மிளகாய்த்தூள் மடித்து விற்றிருக்கிறார். ஓப்பநாயக்கவைச் சுற்றியுள்ள எல்லா அடுப்படிக்கும் ஆளுக்கொரு சாவு போயிருக்கிறது.

“நல்ல ஆளுங்க நீங்க. கதையில மட்டுந்தானா, இல்ல ஊர்லயும் யாரையாச்சும் அறுத்து எடுத்துட்டீங்களா?” என்றேன். சத்தியமாக விளையாட்டுக்குத்தான் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போனார். தட்டில் சோற்றை மிச்சம் வைத்து எழும் ஆள் இல்லை அவர்.

“லெட்சுமி அக்கா எங்கங்க?”

“ஹட்டன்ல...” என்று தொடங்கினார். முடிக்கவில்லை. ஈரக் கையோடு வந்து எதிரில் நின்றார். “நீ மொதல்ல ஒக்காரு” என்றார்.

நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.

சொன்னார். நான் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் இருக்குமாம். அக்கா காலையில் பால் வெட்டிவிட்டு வந்து, வாளியை இறக்கி வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். யாரோ தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. தலையில் நரம்பு வெடித்தது என்றார்களாம். ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தறியாதவள். நோயாளி நான், போனது அவள்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் பார்வை என் முகத்தில் இல்லை, நெஞ்சில் இருந்தது. பயத்தில் சோமா அக்காவைக் கூவிக் கூப்பிட்டார். அவள் ஒரு கையில் தண்ணீரும் மறுகையில் கத்தரிக்கோலுமாக ஓடிவந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. “அனே நங்கி (ஐயோ தங்கச்சி), அழ வேணாம், அழ வேணாம்” என்று என்னைக் கட்டிக்கொண்டு என்னைவிடப் பெரிய சத்தமாக அவள் அழுதாள்.

நான் தலையணையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தையல் போட்ட இடமெல்லாம் பற்றி எரிந்தது. அழுது அழுது மூச்சு இளைத்து நிறுத்தியபோது அறையில் சத்தமே இல்லை. என் வால்வு மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். கொஞ்சம் வேகமாக அடித்தது, பிறகு பழையபடி அடித்தது. அவர்களுக்கு உயிர் திரும்பி வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அக்கா இல்லை என்று கேட்ட பிறகும் அது பாட்டுக்கு அடிக்கிறதே என்று என் நெஞ்சின் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

பேச்சு வந்ததும் நான் முதலில் கேட்டது, “கோடி யாரு போட்டா?” என்பதுதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை கொண்டுபோய்ப் போர்த்துவார்கள். அதுதான் பிறந்த வீட்டுக் கோடி. அது வராமல் எடுக்க மாட்டார்கள். எத்தனை நேரம் ஆனாலும் காத்திருப்பார்கள். அக்காவுக்குப் பிறந்த வீடு நான் ஒருத்திதான்.

“நாந்தான் போட்டேன்” என்றார். “ஒனக்குப் பதிலா. சரக்கு எடுக்க இரத்தினபுரிக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன்ல, அன்னிக்குத்தான். ஒம் பேரச் சொல்லித்தான் போட்டேன் சரசு.”

ஞாபகம் வந்தது. அன்று சாயங்காலம் கண்கள் இரண்டும் சிவந்து வந்தார். மிளகாய் மூட்டை தூசு என்றார். தலைக்குக் குளித்திருந்தார். மழையில் நனைந்தேன் என்றார். நான் கஷாயம் வைத்துக் கொடுக்கவா என்று கேட்டேன்.

“என்னா கலர் சேல?”

“பச்ச. நல்ல பச்ச, கரை போட்டது.”

அப்போது எனக்கு வந்ததே ஒரு கோபம், அந்த மாதிரிக் கோபம் அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை. அக்கா ஜென்மத்தில் பச்சை கட்டியதில்லை. கடைக்குப் போனால் பச்சையை எடுத்துக் காட்ட விடமாட்டாள். “நாள் பூரா ரப்பர் மலையில பச்சைக்குள்ளதான் நிக்கிறேன், வீட்டுக்கு வந்தும் அதையே கட்டவா?” என்பாள். அந்தப் பச்சையைச் சுற்றித்தான் அவளை அனுப்பியிருக்கிறார்கள். அதுவும் என் பெயரைச் சொல்லி.

“ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டிருந்தா...” என்று கத்தினேன்.

எப்படிக் கேட்பார்? இரத்தினபுரித் துணிக்கடையில் நின்று, எந்த நிறம் எடுப்பது என்று தெரியாமல் அவர் விழித்ததை நான் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். அந்த மனிதனுக்குச் சேலை எடுத்தே பழக்கமில்லை. கேட்பதற்கு இருந்த ஒரே ஆள் நான்தான். என்னிடம்தான் கேட்க முடியாது.

ஆனால் இது பிறகு வந்த யோசனை. அன்று நான் யோசிக்கவில்லை. பல நாள் அவரோடு பேசவில்லை. சோமா அக்காவோடும் பேசவில்லை. அவள் மறுநாளே ரேடியோவைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனாள். எனக்கு நல்ல செய்தி சொல்ல வந்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராக நினைத்து, அவர்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும் என்று பொருமினேன்.

அடுத்த கிளினிக்கில் டாக்டரிடம் நானே சொன்னேன், சிங்களத்தில், ஒரு வார்த்தை விடாமல். அவர் பேனாவை வைத்துவிட்டார்.

“வேலை, சண்டை, படி ஏறுவது, இதையெல்லாம்தானே நான் சொன்னேன்? சாவை மறைக்கச் சொன்னேனா?” என்று வீட்டுக்காரரைக் கேட்டார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், பிரஷர் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. “நித்திரை வருகிறதா?” என்று மட்டும் விசாரித்தார். வரவில்லை என்றேன். அது சரிதான் என்றார்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். அன்றே சொல்லியிருந்தாலும் என்னால் குருவிட்டவுக்குப் போயிருக்க முடியாது. எலும்பு கூடவில்லை, பஸ்ஸில் ஒரு குலுக்கல் போதும். போகாதே என்று டாக்டரே தடுத்திருப்பார். ஆனால் படுத்த இடத்திலிருந்தே, அவளுக்குப் பிடித்த மஞ்சளில் சேலை எடுங்கள் என்று சொல்லியிருப்பேன். அதற்கு எலும்பு கூட வேண்டியதில்லை. பார்த்துக்கொள்பவர்களே, இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. என் வீட்டுக்காரர் மூன்று மாதம் அந்தப் பயத்தோடு தனியாக இருந்தார், நான் அக்காவைத் திட்டும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு எழுந்து போனார். அவர் பட்டது என்னைவிடக் குறைவில்லை. இருந்தாலும் நோயாளியிடம் கேளுங்கள். எங்களுக்கு உடம்புக்குத்தான் முடியவில்லை.

இப்போது முழு நாவல்களாகவே படிக்கிறேன். எத்தனை பேர் வேண்டுமானாலும் சாகட்டும். இவரும் விடவில்லை. அறுப்பதற்காகப் படிக்கத் தொடங்கியவர் ருசி கண்டுவிட்டார், எனக்கு முன்னால் கட்டைப் பிரிக்கிறார். போன வாரம் ஒரு காதல் நாவலைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு, “இதுல யாருமே சாகல. உப்புச் சப்பில்லாமக் கெடக்கு” என்றார்.

அக்காவின் முதல் தெவசத்துக்குத் தோட்டத்துக்குப் போனோம். படையலில் வைக்க மாம்பழ மஞ்சளில் ஒரு சேலை எடுத்துப் போனேன். அக்காவின் மகள்கள் இருவரும் அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டு, உப்புக் கூடிப்போனதைப் பற்றி ஒருத்தியை ஒருத்தி கேலி செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் அழுது ஒரு வருடம் ஆகியிருந்தது. எனக்கு ஆகவில்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவே நான் ஒருத்தி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். “சின்னம்மாவுக்கு நெஞ்சு முடியல போல” என்று நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

அவர்களுக்கு அக்கா இறந்தது ரப்பர் மலையடியில், ஒரு காலையில். எனக்கு அவள் இறந்தது பாதிச் சோறு மிச்சமிருந்த தட்டுக்கு முன்னால், ஒரு மத்தியானத்தில். நடுவிலிருந்த நாட்களில் என்னைப் பொறுத்தவரை அவள் ஹட்டனில் பிள்ளைக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் மேல் கோபமாக இருந்தேன், வரட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்று இருந்தேன். அதைப் பொய் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஊரில் யாருக்கும் கிடைக்காத மூன்று மாதம் எனக்கு அவள் உயிரோடு இருந்தாள்.

வருடங்கள் போய்விட்டன. மாத்திரை போடுகிறேன், சோதனைக்கு இரத்தம் கொடுக்கிறேன், பஜாரில் என்னைத் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் நேரம் கேட்கிறார்கள். இந்த வருடம் எனக்கு நாற்பத்திரண்டு. அக்கா நின்றுபோன வயசைத் தாண்டிவிட்டேன். அவளுக்கு வராத நரை எனக்கு வந்திருக்கிறது, அவளுக்கு வராத முழங்கால் வலியும் வந்திருக்கிறது. கனவில் வரும்போது அவள் என்னைவிடச் சின்னவளாக இருக்கிறாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ஒரு கணம் தடுமாறுகிறேன். பிறகு அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன், அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.